கிளட்ச் மாற்றியதும் செல்ஃப் எடுக்கவில்லையா?

கிளட்ச் மாற்றி வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தாயிற்று. பெடல் இலகுவாக இறங்குகிறது, கியர் தகராறு செய்யாமல் விழுகிறது. மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டால், "கிளட்ச் வேலைக்கும் செல்ஃபுக்கும் சம்பந்தமே இல்ல சார், உங்க செல்ஃப் மோட்டார் பழசு, அதான் போயிருக்கும்" என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டதும் சென்னை மேனாம்பேட்டிலிருந்து நேராகப் பாடிக்கோ அம்பத்தூருக்கோ புது மோட்டார் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். காசு செலவழிக்காமல் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

உண்மையிலேயே சம்பந்தம் இல்லையா? இருக்கிறது, அதுவும் நெருக்கமாக. செல்ஃப் மோட்டார் (எஞ்சினை முதலில் சுழற்றிவிடும் மின்மோட்டார்) பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸின் வாய்ப்பகுதியில், பெல் ஹவுசிங் (கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவ உறை) மீது போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் மோட்டாரின் நுனியிலுள்ள சிறு பல்சக்கரம் முன்னே பாய்ந்து, ஃப்ளைவீலின் (எஞ்சினோடு சுழலும் கனமான இரும்புத் தட்டு) விளிம்பிலுள்ள ரிங் கியரைக் கவ்விச் சுழற்றும். நீங்கள் மாற்றிய கிளட்ச் பிளேட் உட்கார்ந்திருப்பதும் அதே ஃப்ளைவீலின் மேல்தான்.

கிளட்ச் மாற்றும்போது எதையெல்லாம் கழற்றுவார்கள்? கியர்பாக்ஸை இறக்காமல் கிளட்ச் வெளியே வராது. இப்போதைய சிறிய கார்களில் பேட்டரிக்குக் கீழேயே கியர்பாக்ஸ் இருப்பதால், முதலில் பேட்டரி, அதன் தட்டு, பிறகு செல்ஃப் மோட்டார், கியர்பாக்ஸில் மாட்டியிருக்கும் எர்த் ஒயர், ரிவர்ஸ் விளக்கின் ஒயர், கிளட்ச் கேபிள், கியர் கேபிள், ஆக்ஸில் என்று வரிசையாக எல்லாம் கழன்று வரும். மாலைக்குள் அத்தனையும் திரும்ப மாட்டப்பட்டிருக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலோ அரைகுறையாக இறுக்கப்பட்டிருந்தாலோ அடி முதலில் செல்ஃபுக்குத்தான். காரணம், வண்டியிலேயே அதிக கரண்ட் இழுப்பது அந்த மோட்டார்தான். சிறிய பெட்ரோல் காரில்கூட நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். விளக்குக்கும் ஹார்னுக்கும் போதுமான ஒரு லூசான இணைப்பு செல்ஃபுக்குப் போதாது.

அப்படியானால் மெக்கானிக் சொன்னது பொய்யா? பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பழைய மோட்டார் தற்செயலாக அந்த வாரமே உயிரை விடுவதும் உண்டு. ஆனால் நேற்றுவரை ஓடியது, கை வைத்த பிறகு நின்றது என்றால், கை பட்ட இடங்களை முதலில் பார்ப்பதுதான் முறை. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மெக்கானிக் வேறு, ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேறு. கியர்பாக்ஸை இறக்கியவர் ஒயரைப் பற்றி நினைக்க மாட்டார். ஒயர் பார்ப்பவருக்கு அன்று என்னென்ன கழற்றினார்கள் என்று தெரியாது. இந்த இருவருக்கும் நடுவில்தான் உங்கள் பணம் தொலைகிறது.

எங்கே தொடங்குவது? காதிலிருந்து. "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் எதுவும் புரியாது. சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது, அல்லது வரவில்லை என்பதுதான் பாதி வேலை. அதோடு ஹெட்லைட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள், ஹேண்ட்பிரேக் இழுங்கள், வண்டியை ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தி வெளிச்சத்தைக் கவனித்தபடி சாவியைத் திருப்புங்கள்.

சத்தமே இல்லை, ஹெட்லைட் கொஞ்சமும் மங்கவில்லை. அப்படியென்றால்? மோட்டாருக்கு 'சுற்று' என்ற உத்தரவே போய்ச் சேரவில்லை. பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். செல்ஃபின் தலையில் சொலினாய்டு (சாவி திரும்பியதும் பெரிய கரண்டைத் திறந்துவிடும் மின்காந்தச் சுவிட்ச்) ஒன்று இருக்கும். அதற்கு இரண்டு ஒயர் வரும்: நட்டு போட்டு இறுக்கிய தடித்த ஒயர் ஒன்று, செருகி மாட்டும் மெல்லிய ஒயர் ஒன்று. அந்த மெல்லிய ஒயரைத் திரும்பச் செருக மறந்துபோவது மிகச் சாதாரணமாக நடக்கிற விஷயம். செருகியிருந்தாலும் உள்ளே தகரம் விரிந்துபோய் ஒப்புக்குத் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அந்த ஒயர் சரியாக இருக்கிறது, அப்போதும் சத்தம் இல்லை என்றால்? உங்கள் வண்டி கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் வகையா என்று யோசியுங்கள். இப்போது வரும் பல கார்கள் அப்படித்தான். கிளட்ச் பெடலுக்கு மேலே, டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பெடல் முழுதாக இறங்கி அதை அழுத்தினால்தான் செல்ஃபுக்கு உத்தரவு போகும். புது கிளட்ச் போட்டு கேபிளைச் சரிசெய்தபோது பெடலின் ஓட்டம் கொஞ்சம் மாறியிருக்கும். பழைய பழக்கத்தில் நீங்கள் மிதிக்கும் அளவு இப்போது சுவிட்சை எட்டாமல் போகலாம். கால்மேட் மடிந்து பெடலுக்கு அடியில் சிக்கியிருந்தாலும் இதே கதைதான். மேட்டை உருவிவிட்டு, சீட்டை ஒரு படி முன்னே தள்ளி, தரைவரை மிதித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தச் சுவிட்சைத் தொடும் இடத்தில் பெடலின் தகட்டில் ஒரு சிறு பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து அது பொடிந்துவிட்டால், சுவிட்சின் முனை வெறும் ஓட்டைக்குள் போய்விடும், அழுத்தம் கிடைக்காது. கால் வைக்கும் இடத்தில் பிளாஸ்டிக் துணுக்கு கிடந்தால் குற்றவாளி அதுதான். அற்ப விலைப் பொருள்.

"அந்தச் சுவிட்சே வேண்டாம், ஒயரை முறுக்கிவிடுறேன் சார்" என்று யாராவது சொன்னால்? மறுத்துவிடுங்கள். வண்டி கியரில் இருக்கும்போது யாராவது, முக்கியமாக வீட்டுக் குழந்தை, சாவியைத் திருப்பினால் கார் முன்னால் பாயும். அதைத் தடுக்கத்தான் அந்தச் சுவிட்ச். கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் இணைத்துப் பார்ப்பது வேறு. அப்படியே விட்டுவிடுவது வேறு.

அடுத்தது, சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட் அப்படியே அணைந்துபோகிறது, அல்லது 'டக டக டக' என்று விடாமல் அடிக்கிறது. இது எதைக் காட்டுகிறது? பெரிய கரண்ட் போகும் பாதையில் எங்கோ நெருக்கடி. முதலில் பேட்டரி முனைகளைக் கையால் திருகிப் பாருங்கள். சிறிதும் அசையக்கூடாது. அசைந்தால் இறுக்குங்கள், வெள்ளைப் பூஞ்சைபோலப் படிந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். கதவைத் திறந்து போட்டுவிட்டு ஒன்றிரண்டு நாள் வேலை பார்த்திருந்தால், உள்விளக்கு எரிந்தே பேட்டரி இறங்கியிருக்கவும் வாய்ப்புண்டு. மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். நிறுத்திவைத்த வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2-க்குக் கீழே போனால் பாதிதான் மிச்சம். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியை சார்ஜ் செய்து சோதிக்காமல் மேலே போவதில் பயனில்லை.

பேட்டரி நன்றாக இருந்தும் இதே கதையா? இங்கேதான் நான் அதிகம் சந்தேகப்படும் ஆள் வருகிறார்: எர்த் ஒயர். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு ஒயர் கார் உடலுக்குப் போகும், இன்னொன்று எஞ்சினுக்கோ கியர்பாக்ஸுக்கோ போகும். எஞ்சின் ரப்பர் மவுண்டுகள் மேல் உட்கார்ந்திருப்பதால், இந்த ஒயர் இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பி வர ஒழுங்கான வழி இல்லை. பல கார்களில் இது கியர்பாக்ஸின் ஒரு போல்ட்டில்தான் மாட்டியிருக்கும். கியர்பாக்ஸை இறக்கும்போது கழன்று ஒரு பக்கம் தொங்கும். ஏற்றும்போது யார் கண்ணிலும் படாமல் பின்னால் ஒளிந்துகொள்ளும். மாட்டியிருந்தாலும் அழுக்கு, கிரீஸ், துரு மேலேயே மாட்டியிருப்பார்கள்.

எர்த் விட்டுப்போனால் வெறுமனே ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதானே? இல்லை, ஆபத்து இருக்கிறது. மோட்டார் இழுக்கும் கரண்ட் வேறு வழி தேடும். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் உலோகம் எதுவானாலும், அதாவது கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், கியர் கேபிள் எதன் வழியாகவும் பாயும். அவை அந்தக் கரண்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சூடேறும், உறை உருகும், புகை வரும். நேற்று போட்ட புதுக் கேபிள் இன்று இறுகிப்போனால் காரணம் இதுவாக இருக்கலாம். இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்துவிட்டு அந்தக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மேற்கொண்டு சாவியைத் திருப்பாதீர்கள்.

வீட்டிலேயே உறுதி செய்ய முடியுமா? முடியும். ஒரு ஜம்பர் கேபிளை (பேட்டரிக்கு பேட்டரி கரண்ட் கொடுக்கும் தடித்த கேபிள்) எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் கவ்வ வையுங்கள். மறுமுனையை எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில், தூக்குவதற்காக வைத்திருக்கும் கொக்கி போன்ற இடத்தில், கவ்வ வையுங்கள். பெல்ட்டும் ஃபேனும் சுற்றும் இடத்தில் கேபிளோ துப்பட்டாவோ போய்விடக்கூடாது. இப்போது சாவியைத் திருப்புங்கள். எஞ்சின் உற்சாகமாகச் சுற்றினால் விஷயம் முடிந்தது. எர்த் ஒயரைத் தேடி, மாட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினால் போதும். பழையது பச்சை பூத்திருந்தால் மாற்றிவிடுங்கள். செல்ஃப் மோட்டார் விலையில் ஒரு துளிதான் இதன் விலை.

ஒரே ஒரு 'டக்', விளக்கு கொஞ்சம் மங்குகிறது, மோட்டார் சுற்றவில்லை. இது என்ன? உத்தரவு வந்துவிட்டது, சொலினாய்டும் இழுத்துவிட்டது. அதற்குப் பிறகு ஏதோ தடை. தடித்த ஒயரின் நட்டு லூசாக இருக்கிறதா பாருங்கள். அதில் கை வைக்குமுன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேனர் கார் உடலில் பட்டதும் பொறி பறக்கும். நட்டு சரியாக இருந்தால் உள்ளே சொலினாய்டின் செம்புத் தகடோ கார்பன் பிரஷ்ஷோ (மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்திருக்கலாம். இந்த ஒரு இடத்தில் மெக்கானிக்கின் "மோட்டார் பழசு" என்ற பேச்சில் நியாயம் உண்டு.

சுத்தியலால் தட்டினால் எடுக்கும் என்கிறார்களே? மாட்டிக்கொண்ட பிரஷ் தட்டினால் ஒருமுறை வேலை செய்யும், உண்மை. ஆனால் இன்றைய மோட்டார்கள் பலவற்றில் உள்ளே நிலைக்காந்தங்கள் ஒட்டியிருக்கின்றன. அவை எளிதில் நொறுங்கும். ஓங்கி அடித்தால் காந்தம் உடைந்து, பழுது பார்க்கக்கூடிய மோட்டார் பழைய இரும்பாகிவிடும். கிளட்ச் வேலையின்போது மோட்டாரைத் தரையில் போட்டிருந்தாலும் இதே சேதம் நடக்கும். அதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், கேளுங்கள்.

மோட்டார்தான் என்று உறுதியானாலும் புதிதாக வாங்கத்தான் வேண்டுமா? எங்கள் பக்கத்தில் அந்த அவசரம் தேவையே இல்லை. பாடியில் இருக்கும் லூகாஸ் டி.வி.எஸ். 1961-இல் தொடங்கிய நிறுவனம். ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும்தான் அதன் முக்கியத் தயாரிப்பு. சுற்றுவட்டாரத்தில் செல்ஃபைப் பிரித்துப் பழுது பார்க்கும் கடைகளுக்கும் பஞ்சமில்லை. பிரஷ், புஷ், சொலினாய்டு, பெண்டிக்ஸ் (முன்னே பாய்ந்து பல்லைக் கவ்வும் பகுதி) எல்லாம் தனித்தனியாக மாற்றலாம். மோட்டாரைக் கழற்றி மேஜைமேல் வைத்து, பேட்டரி கொடுத்து உங்கள் கண்முன் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மேஜைமேல் நன்றாகச் சுற்றி, பல்லும் முன்னே பாய்ந்தால், கோளாறு வண்டியில் இருக்கிறது, மோட்டாரில் இல்லை.

'கர்ர்ர்' என்று இரும்பை இரும்பு அரைக்கும் சத்தம் வந்தால்? உடனே சாவியை விடுங்கள். பல் பல்லில் சரியாக உட்காரவில்லை. மோட்டாரின் போல்ட் முழுதாக இறுகாதது, நடுவில் மண்ணோ ஒயரோ சிக்கி மோட்டார் சாய்ந்து உட்கார்ந்தது, எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் வரும் தகடு இடம் மாறியது, டவல் (இரு பகுதிகளையும் நேராக உட்கார வைக்கும் சிறு குழாய்) விட்டுப்போனது எல்லாம் இதற்குக் காரணமாகலாம். மோட்டார் மட்டும் 'வீஈஈ' என்று சுற்றி எஞ்சின் அசையாவிட்டால், பெண்டிக்ஸ் வழுக்குகிறது அல்லது ரிங் கியரை எட்டவில்லை.

சில நேரம் மட்டும் அரைக்கிறது, சில நேரம் சரியாக எடுக்கிறது என்றால் ரிங் கியர் தேய்ந்திருக்கக்கூடும். எஞ்சின் அணையும்போது ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் நிற்கும்: நான்கு சிலிண்டர் என்றால் எதிரெதிராக இரண்டு இடம், மூன்று சிலிண்டர் என்றால் மூன்று இடம். அங்கேதான் பல் தேயும். வண்டியை நான்காவது கியரில் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, முன்னே ஓர் அடி தள்ளி, மறுபடி நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது சுத்தமாக எடுத்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதி. வருத்தமான விஷயம், கிளட்சுக்காகத் திறந்தபோதே இதைப் பார்த்திருக்கலாம். இப்போது மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஆனால் ஃப்ளைவீலை மாற்ற வேண்டும் என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். சாதாரண ஃப்ளைவீலாக இருந்து, அந்த வண்டிக்கு ரிங் கியர் தனியாகக் கிடைத்தால், அதைச் சூடுபடுத்தி விரியவைத்து மாட்டிக்கொள்ளலாம். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் லேத் பட்டறைகளுக்கு இது பழகிய வேலை.

எஞ்சின் மிகக் கனமாக, முனகிக்கொண்டு சுற்றுகிறது. அல்லது சுற்றவே மறுக்கிறது. பேட்டரியும் எர்த்தும் சரி. பிறகு? முதலில் நான்காவது கியரில் வண்டியைத் தள்ளிப் பாருங்கள். கஷ்டப்பட்டாவது எஞ்சின் சுழன்று வண்டி நகர வேண்டும். துளியும் அசையாவிட்டால் உள்ளே ஏதோ இடிக்கிறது. தவறான நீளமுள்ள போல்ட், நேராக உட்காரும் முன்பே போல்ட்டால் இழுத்து இறுக்கப்பட்ட கியர்பாக்ஸ் என்று ஏதாவது. இதை வீட்டில் பார்க்க முடியாது. செல்ஃபை மேலும் அடித்தால் மோட்டாரும் போகும்.

கியரில் இருக்கும்போது கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தாலும் வண்டி முன்னால் உதறுகிறதா? அப்படியானால் கிளட்ச் விலகவில்லை: கேபிள் சரிசெய்யப்படவில்லை, ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும்) வகையில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது கிளட்ச் பிளேட்டையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். கடைசியில் சொன்னது கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கும்.

செல்ஃப் நன்றாக அடிக்கிறது, எஞ்சின் மட்டும் உயிர் பெறவில்லை. இதுவும் கிளட்ச் வேலையால் வருமா? வரலாம். கிராங்க் சென்சார் (எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் உணர்வி) சில கார்களில் பெல் ஹவுசிங் அருகிலேயே இருக்கும். அதன் ஒயரைச் செருகாமல் விட்டாலோ முனையில் அடிபட்டாலோ, கம்ப்யூட்டருக்கு எஞ்சின் சுற்றுவதே தெரியாது. தீப்பொறியும் பெட்ரோலும் கொடுக்காது. செல்ஃப் அடிக்கும்போது டேஷ்போர்டில் ஆர்.பி.எம். முள் சிறிதும் எழவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். சாவி படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் அது வேறு பிரச்சினை, இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) சாவியை அடையாளம் காணவில்லை. இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள்.

எத்தனை முறை அடித்துப் பார்க்கலாம்? ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது விடுங்கள். மோட்டார் வேகமாகச் சூடாகும், ஆற நேரம் வேண்டும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாமா? அவசரத்துக்குச் செய்யலாம், இரண்டாவது கியரில். அப்படிச் செய்ததும் எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டால், கோளாறு செல்ஃபின் பாதையில்தான் என்று ஒரு சாட்சியும் கிடைக்கிறது. ஆனால் மீண்டும் மீண்டும் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். சி.டி.எச். சாலையில் (சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலை) லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் தள்ளுவது என்ற யோசனையே வேண்டாம். தெருவுக்குள் தள்ளிக்கொண்டு போங்கள்.

மழைக்காலத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? எங்கள் பகுதியில் கட்டாயம் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அம்பத்தூர், கொரட்டூர் பக்கம் தண்ணீர் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பல வண்டிகளில் செல்ஃப் மோட்டார் தாழ்வான இடத்தில் இருக்கும். தண்ணீரில் முதலில் மூழ்குபவற்றில் அதுவும் ஒன்று. உள்ளே துரு ஏறிய மோட்டார் யாரும் கை வைக்காதவரை எப்படியோ ஓடிக்கொண்டிருக்கும். கழற்றி மாட்டியதும் மக்கர் செய்யும். உங்கள் வண்டி வெள்ளத்தில் நின்றது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, ஒர்க்‌ஷாப்பில் எப்படிப் பேசுவது? "செல்ஃப் போச்சு" என்று நீங்களே தீர்ப்பு சொல்லாதீர்கள். "நேத்து வரைக்கும் எடுத்துச்சுண்ணே. இப்ப ஒரே ஒரு டக். லைட் மங்குது. எர்த் ஒயரையும் செல்ஃப் ஒயரையும் ஒருதடவை பாத்துடுங்க" என்று சொன்னால், பெரும்பாலான மெக்கானிக்குகள் வம்பு செய்யாமல் பானட்டைத் திறப்பார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைவிட அவரை வீட்டுக்கு வரச் சொல்வது நல்லது. விட்டுப்போனதை மாட்டுவதற்குக் கூலி கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. அது முதல் வேலையின் பாக்கி. மோட்டாரை மாற்றினால் பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சு எடுபடாவிட்டால்? பில் இருந்தால் உங்களுக்கு வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கும் இடமுண்டு. 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாதவரை ஆணையத்தில் கட்டணம் கிடையாது. அதனால் கிளட்ச் வேலைக்கு வெள்ளைத்தாளில் எழுதிய கணக்கு போதும் என்று விட்டுவிடாமல் பில் கேட்டு வாங்குங்கள்.

செல்ஃப் சரியான பிறகு அதே மூச்சில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள்: கியர் ஆயில் திரும்ப ஊற்றினார்களா? முன்சக்கர இழுவைக் கார்களில் ஆக்ஸிலை உருவினால் கியர்பாக்ஸ் எண்ணெய் வெளியே வந்துவிடும். பில்லில் அதற்கு ஒரு வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால், கியர்பாக்ஸின் பக்கவாட்டிலுள்ள அளவுத் திருகைத் திறந்து எண்ணெய் விளிம்புவரை நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் திருவள்ளூர்வரைகூட வண்டியை எடுக்காதீர்கள்.